கம்யூனிட்டி காலேஜில் ஒரு வகுப்பு: அமெரிக்காவுக்குக் குடிவந்த தமிழ்க் குடும்பங்களுக்கு முழுமையான வழிகாட்டி

நண்பர்கள், பக்கத்து வீட்டார், ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் பெற்றோர், பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் என்று பலருக்குக் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருடப் படிப்பும் சிறு வகுப்புகளும் தரும் உள்ளூர்ப் பொதுக் கல்லூரி) சேர உதவியிருக்கிறேன். தடுமாறுகிற இடம் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றுதான். வகுப்பை முதலில் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். விசா என்ன சொல்கிறது, தமக்கு எந்தக் கட்டணம், பட்டத்துக்குக் கணக்கில் சேரும் கிரெடிட் வேண்டுமா வேண்டாமா என்பதையெல்லாம் அப்புறம்தான் பார்க்கிறார்கள். அதற்குள் பணம் கட்டியாயிற்று, திரும்ப வாங்கும் தேதியும் போயிற்று.

அதனால் கீழே உள்ள வரிசையிலேயே போங்கள். தொடங்குவதற்கு முன் இவற்றை ஒரே கோப்பில் போட்டு வையுங்கள்: பாஸ்போர்ட், ஐ-94 (நாட்டுக்குள் வந்த பதிவு), ஐ-797 (குடியேற்றத் துறையின் அனுமதி அறிவிப்பு) அல்லது கிரீன் கார்டு, ஓட்டுநர் உரிமம், வாடகை ஒப்பந்தம், கடைசியாகச் செய்த வரித் தாக்கலின் நகல், தடுப்பூசிச் சான்று, ஊரில் படித்த மதிப்பெண் பட்டியல்கள். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

1. விண்ணப்பிக்கும் முன் ஒருமுறை வளாகத்துக்குப் போய் வாருங்கள்

காலேஜ் என்றால் வாசலில் காவலாளி நிற்பார், அடையாள அட்டை கேட்பார் என்ற நினைப்பு நமக்கு ஊறிப்போனது. இங்கே பெரும்பாலான வளாகங்கள் திறந்தேதான் கிடக்கின்றன. நாடகம், இசை நிகழ்ச்சி, ஓவியக் கண்காட்சி, பொது உரை என்று அந்தப் பகுதியில் வசிப்பவர்களுக்காகவே நிகழ்ச்சிகள் நடக்கும். நியூ ஜெர்சியின் ராரிட்டன் வேலி, மேரிலாந்தில் மான்ட்கமரி காலேஜின் டக்கோமா பார்க் வளாகம், கலிஃபோர்னியாவின் டி ஆன்சா ஆகியவற்றில் கோளரங்கம் இருக்கிறது. பொதுமக்களுக்கான காட்சிகளும் நடத்துகிறார்கள். சிகாகோவை அடுத்த கிளென் எலினில், காலேஜ் ஆஃப் டுபேஜின் கலை மையம் ஒரு முழு அளவிலான அரங்கம்.

இதை முதல் படியாக வைப்பதற்குக் காரணம் உண்டு. மாலை ஆறரை மணி வகுப்புக்கு ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினால் போதுமா, எந்த பார்க்கிங்கில் நிறுத்துவது, அங்கிருந்து கட்டடத்துக்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பது ஒரு மாலை போய்வந்தால் தெரிந்துவிடும். குழந்தையை யாரிடமாவது விட்டுவிட்டு வரவேண்டியவர்களுக்கு இந்தக் கணக்குத்தான் முக்கியம். வகுப்பு பிடித்தும் பாதியில் நின்றவர்களில் பலரை நிறுத்தியது பயண நேரம்தான்.

நாட்காட்டியைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மாணவர்களுக்கு மட்டுமான நிகழ்ச்சியும் அதே பக்கத்தில் இருக்கும். "ஓப்பன் டு தி பப்ளிக்" என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இலவசம் என்றாலும் சிலவற்றுக்கு முன்பதிவு வேண்டும்.

2. உங்கள் விசாவுக்கு என்ன அனுமதி என்று பாருங்கள்

கிரீன் கார்டு உள்ளவர்களும் குடிமக்களும் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாக்காரரின் துணைக்கும் பிள்ளைகளுக்கும் தருவது) இருப்பவர்கள் பகுதி நேரமாகவும் படிக்கலாம், முழு நேரமாகவும் படிக்கலாம். அதற்காக எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறத் தேவையில்லை. ஆனால் படிப்பு வேறு, வேலை வேறு. வேலை அனுமதி அட்டை இல்லாத எச்-4-க்கு வளாகத்திலும் சம்பள வேலை கூடாது, சம்பளம் தரும் இன்டர்ன்ஷிப்பும் கூடாது. சி.பி.டி., ஓ.பி.டி. என்ற படிப்பு சார்ந்த வேலை அனுமதிகள் எல்லாம் எஃப்-1 மாணவர்களுக்கு மட்டும். சேர்ந்தபின் இதைத் தெரிந்துகொண்டு மனமுடைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நர்சிங், ரேடியாலஜி மாதிரி மருத்துவமனைப் பயிற்சி உள்ள படிப்பு என்றால், எஸ்.எஸ்.என். (சமூகப் பாதுகாப்பு எண்) இல்லாமல் பயிற்சியும் உரிமமும் கிடைக்குமா என்று அந்தத் துறையிடமே முதலில் கேளுங்கள். பதில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

எஃப்-1 மாணவரின் குடும்பத்தாருக்கான எஃப்-2 விசாவில் இருப்பவர்கள் முழு நேரத்துக்குக் குறைவாகப் படிக்கலாம். 2015-ல் வந்த விதி இது. மாணவர் விசாக்காரர்களை ஏற்கும் அனுமதி பெற்ற கல்லூரியாக இருக்க வேண்டும்.

ஊரிலிருந்து பி-2 பார்வையாளர் விசாவில் வந்திருக்கும் அம்மா அப்பா பட்டத்துக்கோ சான்றிதழுக்கோ போகும் படிப்பில் சேரக் கூடாது. பொழுதுபோக்குக்கான சிறு வகுப்பு, கண்காட்சி, கச்சேரி எல்லாவற்றுக்கும் தாராளமாக அழைத்துப் போகலாம். சேர்க்கும் முன் அந்த வகுப்பு கிரெடிட் இல்லாத பொழுதுபோக்கு வகுப்புதானா என்று அலுவலகத்தில் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

3. கிரெடிட்டா, நான்-கிரெடிட்டா?

ஒரே கல்லூரிக்குள் இரண்டு உலகங்கள் இருக்கின்றன. ஒன்று கிரெடிட் வகுப்புகள்: மதிப்பெண் உண்டு, டிரான்ஸ்கிரிப்டில் (கல்லூரியின் மதிப்பெண் பதிவேட்டில்) ஏறும், சுமார் 60 கிரெடிட் சேர்ந்தால் இரண்டு வருட அசோசியேட் பட்டம், அதை வைத்து நான்கு வருடப் பல்கலைக்கழகத்துக்கு மாறலாம். மற்றது நான்-கிரெடிட், அல்லது கன்டினியூயிங் எஜுகேஷன்: ஆங்கிலப் பேச்சு, மட்பாண்டம், எக்செல், நீச்சல், பள்ளி இறுதிக்குச் சமமான ஜி.இ.டி. தேர்வுக்கான தயாரிப்பு என்று எதுவும் இருக்கும். இரண்டுக்கும் பெரும்பாலும் தனித்தனி அலுவலகம், தனித்தனி கேட்டலாக், தனித்தனிப் பதிவு. தவறான கவுன்டரில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்புவது இதனால்தான்.

எதற்காகப் படிக்கிறீர்கள் என்று ஒரு வரியில் எழுதிப் பாருங்கள். "வேலைக்குப் போக ஒரு சான்று வேண்டும்", "மாஸ்டர்ஸில் சேரப் புள்ளியியல் பாடம் குறைகிறது" என்றால் கிரெடிட். "டாக்டரிடமும் பள்ளி ஆசிரியரிடமும் தயங்காமல் ஆங்கிலம் பேச வேண்டும்" என்றால் நான்-கிரெடிட் ஈ.எஸ்.எல். (ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களுக்கான ஆங்கில வகுப்பு) போதும், அதுவே நல்லதும்கூட. வயது வந்தோர் கல்விக்கான அரசு நிதியில் நடக்கும் ஈ.எஸ்.எல். வகுப்புகள் பல இடங்களில் இலவசம். கலிஃபோர்னியாவில் மாநில நிதியில் நடக்கும் நான்-கிரெடிட் வகுப்புகளுக்குச் சேர்க்கைக் கட்டணமே இல்லை.

மூன்று கிரெடிட் வகுப்பு என்றால் வாரம் மூன்று மணி நேரம் வகுப்பறையில், அதற்கு மேல் ஆறு மணி நேரம் வீட்டில். இந்த ஆறு மணி நேரத்தை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. முதல் செமஸ்டரில் ஒரே ஒரு வகுப்பு எடுங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். நம் ஊரில் முதுகலை முடித்தவர்களிடமும் அதையேதான் சொல்கிறேன். இங்கே வாரந்தோறும் ஒப்படைக்க வேண்டிய வேலை இருக்கும். கடைசித் தேர்வுக்கு முந்தின இரவு படித்துச் சமாளிக்க முடியாது.

4. ரெசிடென்சி: கட்டணத்தைத் தீர்மானிப்பது இதுதான்

மாநிலவாசி என்ற தகுதிதான் ரெசிடென்சி. பணம் அதிகமாகப் போவது இந்த இடத்தில்தான். அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சில் உட்காரும் இரண்டு பேர் கட்டும் கட்டணம் பல மடங்கு வேறுபடலாம். கலிஃபோர்னியாவில் மாநிலவாசிக்கு ஒரு யூனிட் (கிரெடிட்டுக்கு அங்கே வழங்கும் பெயர்) 46 டாலர். மூன்று யூனிட் வகுப்பு 138 டாலர், கூடவே சில சிறு கட்டணங்கள். மாநிலவாசி அல்லாதவருக்கு யூனிட் ஒன்றுக்கே சில நூறு டாலர் ஏறிவிடும். டெக்சாஸ், இல்லினாய் மாதிரி மாநிலங்களில் மூன்று அடுக்கு உண்டு: அந்தக் கல்லூரியின் மாவட்டத்துக்குள் வசிப்பவர், மாவட்டத்துக்கு வெளியே ஆனால் மாநிலத்துக்குள் வசிப்பவர், வெளி மாநிலத்தவர். நியூ ஜெர்சியில் அந்தக் கவுண்டியில் இருக்கிறீர்களா என்பது கணக்கு. வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கல்லூரி உங்கள் மாவட்டத்தைச் சேர்ந்ததாக இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். எல்லைக் கோடு தெருவுக்கு நடுவிலும் போகும். கல்லூரித் தளத்தில் முகவரியைப் போட்டுப் பாருங்கள், அல்லது தொலைபேசியில் கேளுங்கள்.

மாநிலவாசி என்று காட்டப் பெரும்பாலும் பன்னிரண்டு மாதம் அங்கே வசித்திருக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்க வேண்டும். டெர்ம் (கல்விப் பருவம்) தொடங்கும் நாளுக்கு முந்தைய நாளை வைத்து எண்ணுவார்கள். வசித்தால் மட்டும் போதாது, தொடர்ந்து இருக்கும் எண்ணத்தையும் காட்ட வேண்டும்: மாநில ஓட்டுநர் உரிமம், மாநில வரித் தாக்கல், வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு. இவற்றின் தேதிகளைத்தான் பார்ப்பார்கள். வந்து பத்து மாதம் கழித்து ஓட்டுநர் உரிமம் எடுத்தவருக்கு அந்தப் பத்து மாதத்தை நிரூபிப்பது சிரமம்.

எச்-4-க்கு ரெசிடென்சியே கிடையாது என்று யாராவது வாட்ஸ்அப்பில் சொல்வார்கள். எல்லா இடத்துக்கும் அது பொருந்தாது. கலிஃபோர்னியாவில் எச்-1பி, எச்-4, நிறுவன மாற்றலில் வருவோரின் எல்-1, அவர்கள் குடும்பத்தாரின் எல்-2 விசாக்காரர்கள் ரெசிடென்சி பெற முடியும். பி, எஃப் விசாக்காரர்களால் முடியாது. வட கரோலைனாவில் கல்லூரிக்குப் பதில் ஆர்.டி.எஸ். என்ற மாநிலச் சேவையே இதை முடிவு செய்து ஓர் எண் தருகிறது. அதை முதலில் முடித்துவிட்டு அப்புறம் விண்ணப்பிக்க வேண்டும்.

அடிக்கடி நடக்கும் தவறு: வாடகை ஒப்பந்தம், மின்சார பில், வங்கிக் கணக்கு எல்லாம் கணவர் பெயரில் மட்டும் இருப்பது. எனக்குத் தெரிந்த ஒரு பெண் மூன்று வருடம் அதே வீட்டில் இருந்தும் தன் பெயரில் ஒரு காகிதமும் இல்லாமல் ஒரு செமஸ்டர் முழுக்க வெளி மாநிலக் கட்டணம் கட்டினார். இன்றே ஒப்பந்தத்தில் உங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள், ஒரு பில்லை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். படிக்கும் எண்ணம் இப்போது இல்லாவிட்டாலும் செய்து வையுங்கள், ஏனென்றால் ஒரு வருடக் கணக்கைப் பின்னால் போய்த் தொடங்க முடியாது.

கல்லூரிக் கணினியே உங்களை வெளி மாநிலத்தவர் என்று வகைப்படுத்திவிட்டால் அதோடு முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். மறுபரிசீலனைக்குத் தனிப் படிவம் உண்டு, அதற்குக் கடைசித் தேதியும் உண்டு. அது பெரும்பாலும் டெர்ம் தொடங்குவதையொட்டி வரும்.

மூத்தவர்களுக்குச் சலுகை இருக்கிறதா என்றும் கேளுங்கள். வர்ஜீனியாவில் 60 வயது நிரம்பி, ஒரு வருடமாக மாநிலத்தில் நிரந்தரமாக வசிப்பவர்கள் இடம் இருந்தால் கட்டணமின்றி வகுப்பில் உட்கார்ந்து கேட்கலாம். கிரீன் கார்டில் வந்து தங்கியிருக்கும் பெற்றோருக்கு இது பெரிய வரம்.

5. விண்ணப்பம்: பெயரும் எண்ணும்

விண்ணப்பம் இலவசம் அல்லது சொற்பக் கட்டணம். கலிஃபோர்னியாவில் சி.சி.சி. அப்ளை, டெக்சாஸில் அப்ளை டெக்சாஸ். மற்ற இடங்களில் பெரும்பாலும் கல்லூரியின் சொந்தப் பக்கம்.

நமக்கு வரும் தனிச் சிக்கல் பெயர். இன்ஷியல் போட்டுப் பழகியவர்கள் நாம். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக இருக்கும், அல்லது ஒரு கட்டம் காலியாக இருக்கும். அப்படிக் காலியாக இருப்பவர்களுக்கு விசாவில் எஃப்.என்.யு. (முதல் பெயர் தெரியவில்லை) என்று வந்துவிடும். ஓட்டுநர் உரிமத்தில் இன்னொரு மாதிரி. கல்லூரியில் எந்தப் பெயரைக் கொடுக்கிறீர்களோ அதுதான் டிரான்ஸ்கிரிப்டிலும் சான்றிதழிலும் வரும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்து பிசகாமல் கொடுங்கள். அழைக்கும் பெயருக்குத் தனிக் கட்டம் இருந்தால் அங்கே வீட்டில் கூப்பிடும் பெயரைப் போட்டுக்கொள்ளலாம்.

எஸ்.எஸ்.என். இல்லையென்றால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள், அல்லது "இல்லை" என்பதைத் தேர்ந்தெடுங்கள். கணவரின் எண்ணைப் போடுவது பெரிய தவறு. வரிப் படிவம் அவர் பெயரோடு குழம்பும். கல்லூரி தன் மாணவர் எண்ணைத் தரும், அது போதும்.

உள்நுழைய முடியவில்லை என்று இரண்டாவது கணக்குத் திறக்காதீர்கள். இரண்டு மாணவர் எண் உருவாகி, ஒன்றில் ரெசிடென்சி, மற்றதில் பதிவு என்று மாட்டிக்கொள்ளும். தொலைபேசியில் அழைத்துக் கடவுச்சொல்லை மாற்றச் சொல்லுங்கள்.

6. பழைய படிப்பு, தடுப்பூசி, தகுதிப் பாடம்

ஊரில் வாங்கிய பட்டம் இருந்தால் அதை மதிப்பிட டபிள்யூ.இ.எஸ். போன்ற அமைப்புகள் உண்டு. ஒரே ஒரு வகுப்புக்கு இது தேவைப்படுவது அபூர்வம். பட்டத்துக்குப் பழைய பாடங்களைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றால்தான் வேண்டும். அப்போதும் பாடவாரியான மதிப்பீட்டைக் கேளுங்கள், பட்டம் சமானம் என்று மட்டும் சொல்லும் மலிவான அறிக்கை உதவாது. எந்த அமைப்பின் மதிப்பீட்டை ஏற்பார்கள் என்று கல்லூரியிடம் கேட்ட பிறகே பணம் கட்டுங்கள். பல்கலைக்கழகத்திலிருந்து டிரான்ஸ்கிரிப்ட் வர மாதக்கணக்கில் ஆகலாம். ஊருக்குப் போகும்போது கையோடு வேலையைத் தொடங்கிவிட்டு வாருங்கள்.

பல வகுப்புகளுக்கு முன்தகுதிப் பாடம் உண்டு. அது முடியாமல் பதிவு செய்யப் போனால் கணினி மறுக்கும். ஊரில் கால்குலஸ் படித்திருந்தால் மதிப்பெண் பட்டியலோடு கவுன்சிலரைப் பாருங்கள். தடையை அவரால் நீக்க முடியும். இதற்குப் பதிவு தொடங்குவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே போங்கள்.

டெக்சாஸில் 22 வயதுக்குக் குறைந்த புது மாணவர்கள் மூளைக்காய்ச்சல் தடுப்பூசிச் சான்றை வகுப்பு தொடங்குவதற்குப் பத்து நாள் முன்னதாகவே கொடுக்க வேண்டும். கடைசி நேரத்தில் போட்டுக்கொண்டால் அந்தப் பத்து நாள் இடிக்கும்.

7. பதிவு நாள்

பெரும்பாலான கல்லூரிகளில் ஆகஸ்டில் ஃபால் செமஸ்டரும் ஜனவரியில் ஸ்பிரிங் செமஸ்டரும் தொடங்கும். டி ஆன்சா, ஃபுட்ஹில் மாதிரி சிலவற்றில் செமஸ்டருக்குப் பதில் அதைவிடக் குறுகிய குவார்ட்டர் முறை. ஃபால் செப்டம்பர் கடைசியில்தான் தொடங்கும். ஃபால் வகுப்புக்கான பதிவு கோடைக்கு முன்பே திறந்துவிடும். மாலை வகுப்புகளும் கணினி வகுப்புகளும் முதலில் நிரம்பும்.

பதிவு செய்ய உங்களுக்கு எந்த நாள், எந்த மணி என்று உங்கள் கல்லூரி ஆன்லைன் கணக்கில் காட்டும். அதற்கு முன்பே மூன்று மாற்று வகுப்புகளின் எண்களை எழுதி வையுங்கள். நிரம்பிவிட்டால் வெயிட்லிஸ்டில் சேருங்கள். சேர்ந்தபின் கல்லூரி மின்னஞ்சலைத் தினமும் பாருங்கள், இடம் காலியானால் அங்கேதான் தகவல் வரும், சில சமயம் ஒரே நாள்தான் அவகாசம். சொந்த ஜிமெயிலையே பார்த்துக்கொண்டிருந்து இடத்தை விட்டவர்கள் ஏராளம்.

வெயிட்லிஸ்டில் நின்றுபோனால் முதல் வகுப்புக்கு நேரில் போங்கள். பதிவு செய்தவர்களில் வராதவர்கள் இருப்பார்கள். பல ஆசிரியர்கள் அன்றே சேர்ப்பு எண் (பதிவு செய்வதற்கான அனுமதி எண்) கொடுத்துவிடுவார்கள்.

8. பணம் கட்டுவது

கட்டாவிட்டால் சில கல்லூரிகள் பெயரை எடுத்துவிடும். சில கல்லூரிகள் எடுக்காது, கடனாக ஏற்றிவிடும். உங்கள் கல்லூரி எந்த வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள். தவணைத் திட்டம் பெரும்பாலும் உண்டு.

ஃபாஃப்சா என்ற விண்ணப்பம் மூலம் வரும் மத்திய உதவி குடிமக்களுக்கும் கிரீன் கார்டு போன்ற தகுதி உள்ளவர்களுக்கும்தான், எச்-4-க்குக் கிடையாது. ஆனால் பிள்ளை இங்கே பிறந்தவர் என்றால் பெற்றோரின் விசா தடையில்லை. கல்லூரி அறக்கட்டளைகள் தரும் சிறு உதவித்தொகைகளுக்கு விதி வேறு, தயங்காமல் விண்ணப்பியுங்கள்.

புத்தகத்தை முதல் வகுப்புக்கு முன் வாங்காதீர்கள். கலிஃபோர்னியாவில் புத்தகச் செலவே இல்லாத வகுப்புகளை அட்டவணையில் தனியாகக் குறித்திருப்பார்கள். நூலகத்தில் ஒரு பிரதி அங்கேயே உட்கார்ந்து படிக்க இருக்கும். கல்விக் கட்டணத்தைக் காட்டி ஜனவரியில் வரும் 1098-டி என்ற வரிப் படிவத்தைப் பத்திரமாக வையுங்கள். லைஃப்டைம் லேர்னிங் கிரெடிட் என்ற வரிச் சலுகை அதிகபட்சம் 2,000 டாலர் வரை. வருமான வரம்பும் எஸ்.எஸ்.என். நிபந்தனையும் இருப்பதால் வரி பார்ப்பவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

9. முதல் இரண்டு வாரம்: போகாமல் இருந்தால் விலகியதாக ஆகாது

இதை நான் எத்தனை முறை சொன்னாலும் போதாது. வகுப்பு பிடிக்கவில்லை, குழந்தைக்கு உடம்பு சரியில்லை, சரி, போகாமல் விட்டுவிடலாம் என்று நின்றுவிடுகிறார்கள். கல்லூரிக் கணக்கில் நீங்கள் இன்னும் மாணவர்தான். கடைசியில் எஃப் (தேறவில்லை) என்ற மதிப்பெண் விழும். அது நிரந்தரம், பின்னால் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போகும்போதும் கூடவே வரும்.

இரண்டு தேதிகளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். ஒன்று, பணம் திரும்பக் கிடைக்கும்படி டிராப் செய்யக் கடைசி நாள். முழு செமஸ்டர் வகுப்பு என்றால் இது பெரும்பாலும் முதல் ஓரிரு வாரத்துக்குள் முடிந்துவிடும். அதற்குள் விலகினால் டிரான்ஸ்கிரிப்டில் தடமே இருக்காது. இரண்டாவது, டபிள்யூ (விலகினார்) குறியோடு விலகக் கடைசி நாள். பணம் போகும், ஆனால் மதிப்பெண் சராசரி கெடாது. எட்டு வாரக் குறுகிய வகுப்புகளில் இந்தத் தேதிகள் சில நாட்களிலேயே வந்துவிடும். ஆன்லைனில் நீங்களே டிராப் செய்து, உறுதிப்படுத்தும் பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். ஆசிரியரிடம் வாயால் சொன்னால் போதாது.

10. பள்ளியில் படிக்கும் பிள்ளைகள்

பள்ளியில் படித்துக்கொண்டே கல்லூரிப் பாடமும் எடுக்கும் டூயல் என்ரோல்மென்ட் நம் குடும்பங்களில் வேகமாகப் பரவுகிறது. நல்லதுதான், ஆனால் பத்தாம் வகுப்பில் வாங்கும் கல்லூரி மதிப்பெண்ணும் நிரந்தரம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது எல்லாக் கல்லூரிப் பாடங்களையும் காட்டியே ஆக வேண்டும். கோடையில் ஆறு வாரத்தில் வேதியியலை முடித்துவிடலாம் என்று ஆசைப்பட வேண்டாம். முதல் பாடம் பிள்ளைக்கே பிடித்ததாக இருக்கட்டும்.

இன்னொன்று பெற்றோருக்கு. கல்லூரியில் சேர்ந்துவிட்டால் பிள்ளைக்குப் பதினாறு வயதானாலும் ஃபெர்ப்பா என்ற மாணவர் தனியுரிமைச் சட்டப்படி அந்தப் பதிவேடுகள் மீதான உரிமை பிள்ளையுடையது. நீங்கள் தொலைபேசியில் மதிப்பெண் கேட்டால், பிள்ளையின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள். பிள்ளையின் மின்னஞ்சலிலிருந்து நீங்கள் ஆசிரியருக்கு எழுதவும் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து அவர்களையே எழுதச் சொல்லுங்கள்.

11. வகுப்பில் சேராமலே கிடைப்பவை

பல் சுகாதாரப் படிப்பு உள்ள கல்லூரிகளில் பொதுமக்களுக்கான கிளினிக் இருக்கும். மேற்பார்வையில் மாணவர்கள் பல் சுத்தம் செய்வார்கள். வெளியே ஆவதைவிட மிகக் குறைந்த கட்டணம். ஒரு முறைக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆகும், இரண்டாவது முறையும் வரச் சொல்லலாம். காப்பீடு இல்லாத பெற்றோருக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. செமஸ்டர் நடக்கும் மாதங்களில் மட்டும் திறந்திருப்பதால் தொடக்கத்திலேயே நேரம் வாங்குங்கள்.

சமையல் துறை உள்ள இடங்களில் மாணவர்கள் நடத்தும் உணவகம் இருக்கும், முன்பதிவு செய்யும்போதே சைவமா என்று சொல்லிவிடுங்கள். தோட்டக்கலைத் துறைகள் வசந்தத்தில் நாற்று விற்பனை நடத்துவதுண்டு.

ஜனவரி கடைசியிலிருந்து ஏப்ரல் நடுவரை சில வளாகங்களில் வீட்டா என்ற இலவச வரி உதவி நடக்கும். குடும்ப வருமானத்துக்கு வரம்பு உண்டு. ஊரில் வாடகை வருமானம் இருந்தால் அங்கே செய்ய மாட்டார்கள். இந்திய வங்கிக் கணக்கு இருப்பதையும் நேரம் வாங்கும்போதே சொல்லுங்கள். ஏப்ரல் நெருங்க நெருங்க இடம் கிடைக்காது, பிப்ரவரியிலேயே அழைத்துவிடுங்கள்.